ஆச்சி கையில் இருந்த தேள்

வெளியூரில் இரண்டு சங்கரன்கோவில்காரங்க சந்திச்சா பத்து நிமிஷத்துல பேச்சு ஊருக்குள்ள போயிடும். ஒருத்தருக்கு ஒன்பது நிலைக் கோபுரத்து வாசல் பிடிக்கும். இன்னொருத்தருக்கு நாகசுனைப் படிக்கட்டு. என்னைக் கேட்டா, தறிச் சத்தம் விடாம கேட்கிற தெருக்கள், காலை நேரத்துப் பூ மார்க்கெட், அப்புறம் கோயில்ல தகடு விற்கிற இடம். சின்ன வயசுல சாமியை விட அந்தத் தகடுகள் மேலதான் என் கண்ணு இருக்கும். பாம்பு, தேள்னு சின்னச் சின்ன உருவங்கள். வீட்டைச் சுத்திப் பூச்சிபொட்டு நடமாட்டம் இருந்தா அந்த உருவத்தை வாங்கி உண்டியல்ல போடுவாங்க. தோல் வியாதிக்குப் புற்று மண் பூசுவாங்க. சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சங்கன், பத்மன் என்ற இரண்டு நாகங்கள் வாதம் பண்ண, கோமதி அம்மன் தவமிருந்து இருவரையும் ஒரே உருவமாகப் பார்த்த தலம் என்பது ஐதீகம். பாம்பு ஆரம்பிச்சு வச்ச ஊர் என்பதால், விஷ ஜந்துக்களோட எங்க ஊருக்கு ஒரு பழைய உடன்படிக்கை உண்டு.

அந்தத் தேள் எங்க ஆச்சி கையிலயும் இருந்தது. வலது முன்கையில், கொடுக்கு முழங்கையைப் பார்த்த மாதிரி. அதுக்குக் கீழே ஒரு சிக்குக் கோலம். தாடையில் ஒரு புள்ளி. எல்லாம் மங்கிப்போய், பழைய மை கசிஞ்ச காகிதம் மாதிரி இருக்கும்.

"எதுக்கு ஆச்சி இது?"

"தேளு கொட்டுனா ஒண்ணும் செய்யாதுல்லா."

"உங்களக் கொட்டவே இல்லையா?"

"கொட்டும்ல. ஏறாது."

உண்டியலில் போடும் தேளும் கையில் குத்திய தேளும் ஒரே கணக்குதான் என்று எனக்குத் தோணுறது இந்தப் பதிலை வச்சுத்தான். உருவத்தைக் கொடுத்துட்டா உயிர் நம்மளை விட்டுடும். இது என் ஊகம், எந்தப் புத்தகத்திலும் படிச்சது இல்லை.

இதை இப்ப எழுதக் காரணம் எங்க ஆபீஸ்ல ஒரு பையன். தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஜப்பான் பாணியில் டாட்டூ போட்டிருக்கான். அலை, கெண்டை மீன், செவ்வந்திப் பூ. பல மாசம் உட்கார்ந்து, நல்ல காசு செலவழிச்சுப் போட்டது. உண்மையிலேயே அழகா இருக்கு. மீன் அருவியை எதிர்த்து ஏறி டிராகனாக மாறும் கதையை எல்லாம் விளக்கமா சொன்னான். கடைசியா ஒரு வார்த்தை சொன்னான்: "நம்ம ஊர்ப் பச்சை குத்துறது மாதிரி இல்லண்ணே, இது ஆர்ட்." அவன் மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா, அது எப்படி ஆர்ட் ஆச்சு, இது ஏன் ஆகலை என்ற கேள்வி மட்டும் கூடவே வந்துடுச்சு. கொஞ்ச நாளா படிச்சதுல கிடைச்சதை இங்கே போடுறேன்.

முதலில் ஒரு விஷயம். ஜப்பானிலும் இது கௌரவமாக ஆரம்பிக்கவில்லை. எடோ காலத்தில், 1720-ல், மூக்கையும் காதையும் அறுக்கும் தண்டனைக்குப் பதிலாகக் குற்றவாளிகளுக்குப் பச்சை குத்தும் தண்டனை வந்தது. எடோ நகரில் என்றால் இடது முன்கையைச் சுற்றி இரண்டு பட்டை. அந்தப் பட்டையோடு வெளியே வந்தவனுக்கு வேலை கிடைக்காது. இது ஒரு பக்கம் இருக்க, சுமை தூக்குகிறவர்கள், பல்லக்குத் தூக்குகிறவர்கள், தீயணைப்புக்காரர்கள் எல்லாம் சட்டை இல்லாத முதுகில் தாங்களே விரும்பிப் படம் குத்திக்கொண்டார்கள். 108 வீரர்கள் வரும் ஒரு சீனக் கதை அப்போது அங்கே பிரபலம். அந்த வீரர்களை உதாகாவா குனியோஷி என்ற ஓவியர் 1827-லிருந்து மரக்கட்டை அச்சுப் படங்களாக வெளியிட்டார். சில வீரர்களுக்கு உடம்பு முழுக்கப் பச்சை வரைந்தார். மலிவாகக் கிடைத்த அச்சுப் படம். தொழிலாளி அதை வாங்கிக்கொண்டு போய் "இது மாதிரி வேணும்" என்று முதுகைக் காட்டினான். குத்துகிறவர்களின் தொழிற்பெயரிலேயே 'ஹோரி' என்று முன்னால் சேர்ந்துகொண்டது. செதுக்குவது என்று அர்த்தம். மரம் செதுக்குகிறவருக்கும் அதே சொல்தான்.

என் பார்வையில் விஷயமே இந்த அச்சுப் படத்தில்தான் இருக்கிறது. தோல் போனாலும் காகிதம் நின்றது. யார் வரைந்தது என்று பெயர் நின்றது. குரு பெயரைச் சீடன் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்ததால் பரம்பரை நின்றது. யோகோஹாமாவில் இருக்கும் மூன்றாம் ஹோரியோஷி அப்படி வந்தவர்தான். முதுகில் பெரிய படம் முடிந்ததும் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் விட்டுக் கலைஞர் கையெழுத்தும் போடுவார்.

நம்ம ஊரில் குத்தியவருக்குப் பெயர் கிடையாது. "குறத்தி வந்தா, குத்திட்டுப் போனா." அவ்வளவுதான்.

சென்னை அருங்காட்சியகத்தில் 1885-லிருந்து 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1898-ல் அருங்காட்சியக வெளியீட்டில் பச்சை குத்துவது பற்றித் தனிக் குறிப்பே போட்டார். பிறகு 1906-ல் வந்த தென்னிந்திய இனவியல் குறிப்புகள் நூலிலும் இதைச் சேர்த்தார். தலையை அளப்பது, மூக்கை அளப்பது என்று அவர் செய்த மற்ற வேலைகள் எனக்குப் பிடிக்காது. ஆனால் மை தயாரிக்கும் முறையை அவர் எழுதி வைத்திருப்பதற்கு நன்றி சொல்லணும். மஞ்சள் பொடியும் அகத்தி இலையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் வைத்துத் திரியாகத் திரிக்கணும். விளக்கெண்ணெய் ஊற்றிய அகலில் அந்தத் திரியை ஏற்றி, மேலே ஒரு புதுச் சட்டியைக் கவிழ்க்கணும். சட்டியின் உள்பக்கம் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. மூன்று நான்கு தையல் ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டினால் கருவி. வலி தெரியாமல் இருக்கப் பாட்டு. கண்மை கூட்டும் முறை தெரிந்தவர்களுக்கு இது புதுசாக இருக்காது.

கரி கறுப்பு. அப்புறம் ஏன் பச்சை? தோலின் மேலடுக்கு வழியாகப் பார்க்கும்போது ஒளி சிதறுவதால் உள்ளே இருக்கும் கறுப்பு, நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது. கையில் ஓடும் நரம்பு பச்சையாகத் தெரிகிறதே, கிட்டத்தட்ட அதே சங்கதி. ஜப்பான்காரர்களின் நாரா மையும் கரிதான். அதுவும் உள்ளே போனால் நீலப் பச்சைதான். அவர்கள் 'இரெஸூமி' என்று பெயர் வைத்தார்கள். மையை உள்ளே விடுவது. செய்கிற வேலையைப் பார்த்து வைத்த பெயர். நாம் முடிவில் கண்ணுக்குத் தெரிகிற நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தோம்.

(சங்க இலக்கியத்தில் வரும் 'தொய்யில்' தான் பச்சை குத்துவது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தொய்யில் என்பது குழம்பால் மேலே வரைவது, கழுவினால் போய்விடும். நமக்கு இல்லாத பழமையைத் தேடிப் போக வேண்டியதில்லை.)

குத்தியவர்கள் பெரும்பாலும் குறவர் பெண்கள். நரிக்குறவரையும் இவர்களையும் பலர் ஒன்றாகப் பேசுவார்கள், இரண்டும் வேறு சமூகங்கள், வேறு மொழிகள். அறுவடை முடிந்து கையில் தானியம் இருக்கும் சமயம் பார்த்து ஊர் ஊராக வருவார்கள். கூலியும் பெரும்பாலும் தானியம்தான். எங்க ஆச்சிக்குக் கல்யாணத்துக்கு முன்னால், களத்து மேட்டில் வைத்துக் குத்தினார்களாம். எத்தனை படி கம்பு கொடுத்தார்கள் என்பதைக்கூட ஆச்சி ஞாபகம் வைத்திருந்தாள். குத்தியவள் எந்த ஊர், பேர் என்ன என்றால் தெரியாது. எங்க ஊருக்குப் பக்கத்திலேயே பிறந்த குற்றாலக் குறவஞ்சியில் குறத்திதான் நாயகிக்குச் சமமாக நிற்கிறாள். மலை வளம் சொல்கிறாள், கை பார்க்கிறாள், பரிசு வாங்குகிறாள். இலக்கியத்தில் அவளுக்குக் கிடைத்த இடம் ஊர்த் தெருவில் கிடைக்கவில்லை.

அதைவிட மோசமானது சட்டத்தில் கிடைத்த இடம். 1871-ல் வந்த குற்றப் பழங்குடியினர் சட்டம் 1911-ல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர்களில் பல பிரிவினர் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று பட்டியலில் ஏறினார்கள். காவல் நிலையத்தில் பதிவு, கைரேகை, ஊரைவிட்டுப் போக வேண்டுமென்றால் அனுமதி. ஊர் ஊராகப் போனால்தான் சோறு என்கிற தொழிலுக்கு இதைவிடப் பெரிய அடி என்ன இருக்க முடியும்? மாகாணத்தில் இந்தச் சட்டம் போனது 1947-ல்.

ஜப்பானிலும் கிட்டத்தட்ட இதே காலம்தான். மெய்ஜி அரசு 1872-ல் பச்சை குத்துவதைத் தடை செய்தது. மேல்நாட்டுக்காரன் பார்த்தால் நம்மைக் காட்டுமிராண்டி என்று நினைப்பானே என்ற வெட்கம். தடை நீங்கியது 1948-ல், அமெரிக்க ராணுவம் அங்கே இருந்தபோது. ஆனால் வந்த மேல்நாட்டுக்காரனோ வரிசையில் நின்று குத்திக்கொண்டான். 1881-ல் கப்பலில் போன ஒரு பிரிட்டிஷ் இளவரசன் கையில் டிராகன் குத்திக்கொண்டு திரும்பினான். அவன்தான் பிறகு ஐந்தாம் ஜார்ஜ். 1911 டிசம்பரில் டெல்லி தர்பாரில் இந்தியாவின் சக்கரவர்த்தியாக உட்கார்ந்தபோது சட்டைக் கைக்குள் அந்த டிராகன் இருந்தது. பச்சை குத்தும் சமூகத்தைக் குற்றவாளிப் பட்டியலில் ஏற்ற வழி செய்த சட்டமும் அதே வருஷம்தான். இந்தத் தற்செயலைப் படித்த அன்று ரொம்ப நேரம் தூக்கம் வரலை.

நம்ம பக்கமும் அரசாங்கம் பச்சையைத் தண்டனையாகப் பயன்படுத்தியிருக்கிறது. கம்பெனி ஆட்சியில் வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைக் குத்தினார்கள். 'கோத்னா' என்று பெயர். 1849-ல் நிறுத்தினார்கள். ஆக, குற்றமும் பச்சையும் சேர்ந்த கதை இரண்டு நாட்டிலும் உண்டு. அங்கே படத்தைத் தடுத்தார்கள். இங்கே படத்தைத் தொடவில்லை, குத்துகிற கையைக் கட்டினார்கள்.

இவ்வளவு படித்த பிறகு எனக்கு இன்னொன்றும் புரிந்தது. ஆச்சி கையை அந்த டிராகன் முதுகோடு ஒப்பிட்டதே பொருத்தமில்லை. ஜப்பானில் ஆச்சிக்குச் சமமான ஆட்கள் தெற்கே ஓக்கினாவாவில் இருந்தார்கள். அங்கே பெண்கள் புறங்கையிலும் விரல்களிலும் 'ஹஜிச்சி' என்று குத்திக்கொண்டார்கள். குத்தியவர்களும் பெண்கள். வட்டம், சதுரம், அம்பு முனை மாதிரி எளிய வடிவங்கள். கல்யாண வயசோடு சம்பந்தம் உண்டு. கையில் இது இல்லாமல் செத்தால் போகிற இடத்தில் நிம்மதி இருக்காது என்று நம்பிக்கை. நம்ம பக்கம் என்ன சொல்வார்கள்? "நகை நட்டெல்லாம் கழட்டிருவாக, பச்சைதான் கூட வரும்." ஓக்கினாவாவிலும் 1899-ல் தடை வந்தது. வடக்கே ஐனு பெண்களின் உதட்டுப் பச்சைக்கு அதற்கும் முன்பே, 1871-ல். உலகம் கொண்டாடும் ஜப்பான் டாட்டூ புத்தகங்களில் இந்தப் பெண்களுக்கு ஒரு பக்கம் கிடைத்தால் பெரிசு. அதனால் கேள்வி ஜப்பானா நம்ம ஊரா என்பது இல்லை. முதுகு முழுக்கப் படமும் கையெழுத்தும் இருந்தால் கலை, கிழவி கையில் புள்ளி இருந்தால் பழக்கவழக்கம். பிரிவு அங்கேதான் விழுந்திருக்கு.

அந்தப் புள்ளிகள் அவ்வளவு லேசான சமாச்சாரமும் இல்லை. ஆச்சி கையிலிருந்த சிக்குக் கோலத்தையே எடுத்துக்கங்க. புள்ளிகளைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்து ஆரம்பித்த இடத்திலேயே முடியும் கோடு. ஜான் லேயார்டு என்ற ஆங்கிலேய மானுடவியலாளர் 1937-ல், தென்னிந்திய வாசல் கோலத்தையும் பச்சைக் கோலத்தையும் சேர்த்து வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பசிபிக்கில் இருக்கும் மாலெகுலா தீவில் இதே மாதிரி மணலில் வரைவார்கள். செத்தவர் போகும் வழியில் ஒரு காவல் பேய் பாதிக் கோலத்தை அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். மீதியைச் சரியாக வரைந்து முடித்தால்தான் வழி, இல்லையென்றால் அதற்கு இரை. லேயார்டு அதையும் நம்ம கோலத்தையும் இணைத்தார். அந்த அளவுக்கு நீட்டுவது எனக்கு ஒப்புதல் இல்லை. இரண்டு இடத்தில் ஒரே மாதிரி கோடு வந்தால் அர்த்தமும் ஒன்று என்று ஆகிவிடாது. ஆனால் வாசலில் போடுவதும் உடம்பில் குத்துவதும் ஒரே வேலை, உள்ளே வரக்கூடாதது வராமல் இருக்க, என்ற பகுதி "ஏறாது" என்ற ஆச்சி பேச்சோடு நன்றாகவே பொருந்துகிறது.

என் தொழிலுக்கு நெருக்கமான ஆராய்ச்சி வேற ஒண்ணு இருக்கு. சென்னை கிறிஸ்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, இவர்களோடு கமலா கிருதிவாசன் மூவரும் 1974-ல், கோலத்தைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினார்கள். ஒரு சின்ன விதித் தொகுப்பு, அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் கோலம் பெரிதாகிக்கொண்டே போகும். காலேஜில் கம்பைலர் பாடம் படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். களத்து மேட்டில் உட்கார்ந்து, அழுகிற ஒரு பெண்ணின் கையை முழங்காலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எந்த அச்சும் இல்லாமல், ஒரு கோடு பிசகினாலும் அழிக்க முடியாத இடத்தில் அந்தக் குறத்தி போட்டதும் இதே இலக்கணம்தான். அரிசி மாவு என்றால் துடைத்துவிட்டுத் திரும்பப் போடலாம்.

எனக்கு விவரம் தெரியும்போது ஊசிக்கட்டு போய் மெஷின் வந்துவிட்டது. ஆடித்தபசுக் கூட்டத்தில் வளையல் கடைக்கும் ராட்டினத்துக்கும் நடுவில், பேட்டரி வைத்து மெஷினில் குத்துகிற ஆள் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் அட்டையில் படங்கள்: வேல், சிலுவை, பிறை, ரஜினி, இதயத்தில் அம்பு. அந்த மெஷினுக்கு ஒரு வேடிக்கையான பூர்வீகம் உண்டு. எடிசன் 1876-ல், ஆபீஸில் நகல் எடுப்பதற்காகக் காகிதத்தில் ஓட்டை போடும் மின்சாரப் பேனா ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அதை மாற்றியமைத்து 1891-ல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி பச்சை குத்தும் மெஷின் ஆக்கினார். நகல் எடுக்கப் பிறந்த கருவி சங்கரன்கோவில் தெருவில் எம்ஜிஆர் முகத்தை நகல் எடுத்துக்கொண்டிருந்தது. எம்ஜிஆர் கட்சிக்காரர்களைக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ளச் சொல்லி, கட்சிக்குள்ளேயே அதற்கு எதிர்ப்பு வந்தது தனிக்கதை.

அப்புறம் ஒரே ஊசி, எய்ட்ஸ் என்ற பயம் வந்தது. அதைவிட, படிக்கிற பிள்ளைக்கு எதற்கு இது என்ற எண்ணம் வந்தது. ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது முன்கையின் உட்புறம், புறங்கை தவிர வேறு இடத்தில் நிரந்தரப் பச்சை இருந்தால் சிக்கல், பழங்குடி வழக்கத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. எங்க அம்மா தலைமுறையிலேயே ஒரு புள்ளியோடு நின்றுவிட்டது. ஜப்பானில் இன்னமும் பல பொது வெந்நீர்க் குளியல் இடங்களில் டாட்டூ இருந்தால் உள்ளே விடுவதில்லை. 2013-ல் நியூசிலாந்திலிருந்து வந்த ஒரு மாவோரிப் பெண்ணை, முகத்தில் இருந்த குலப் பச்சைக்காக ஹொக்கைடோவில் திருப்பி அனுப்பினார்கள். கலை என்று உலகமே ஒத்துக்கொண்ட பிறகும் நிலைமை இது.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பச்சை குத்திய மனிதத் தோல்கள் பாதுகாத்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஃபுகுஷி மசாய்ச்சி என்ற நோய்க்கூறு மருத்துவர் தொடங்கிய சேகரிப்பு. உயிரோடு இருக்கும்போதே ஒப்புதல் வாங்கி, படம் முடியாமல் காசில்லாமல் நிற்கிறவர்களுக்குச் செலவுக்கும் கொடுத்து, இறந்த பிறகு தோலை எடுத்து வைப்பாராம். படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் உடம்பு கூசியது. தோலை எடுக்காமலும் காப்பாற்றலாம் என்று காட்டியவர்கள் ஓக்கினாவாக்காரர்கள்தான். கடைசித் தலைமுறைப் பாட்டிகளைத் தேடிப் போய், கை கையாக வரைந்து, வடிவத்தின் பெயர், குத்திய வயசு எல்லாம் கேட்டுப் பதிவு செய்தார்கள். 2019-ல், தடைக்கு 120 வருஷம் கழித்து, அங்கே உள்ள அருங்காட்சியகத்தில் அந்த வடிவங்களைக் கைகளின் மாதிரி செய்து காட்சிக்கு வைத்தார்கள்.

எங்க ஆச்சியின் போட்டோ வீட்டில் ஒன்றே ஒன்று இருக்கிறது. ஸ்டூடியோவில் எடுத்தது. சேலைத் தலைப்பை இழுத்து இரண்டு கையையும் மூடி உட்கார்ந்திருக்கிறாள். தாடைப் புள்ளி மட்டும் தெரிகிறது.

ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் ஒரு கட்டம் போட்ட நோட்டு எடுத்துட்டுப் போறேன். எங்க தெருவிலும் சுற்றுவட்டக் கிராமங்களிலும் கையில் பச்சை இருக்கிற பாட்டிகள் சிலர் இன்னும் இருக்காங்க. போட்டோவில் சரியாக விழுவதில்லை, சுருக்கத்தில் கோடு காணாமல் போய்விடுகிறது. அதனால் தோலை மெல்ல இழுத்துப் பிடிக்கச் சொல்லி, புள்ளியை எண்ணி, கையாலேயே வரைகிறேன். முதலில் புள்ளி வரிசை, அப்புறம் கோடு. கோட்டை முதலில் வரைந்தால் கட்டாயம் தப்பாகப் போகும். போன ஆடித்தபசுக்குப் போனபோது ஒரு பாட்டி முன்கையில், ஐந்து வரிசைப் புள்ளியும் அதைச் சுற்றி ஒரு சிக்கும் இருந்தது. ஒரு மூலையில் மட்டும் கோடு சேரவில்லை. மங்கிவிட்டதா, ஆரம்பத்திலேயே விட்டுவிட்டார்களா என்று தெரிந்துகொள்ளக் கேட்டேன்.

"அது அன்னைக்கே அப்படித்தாம்யா. நான் அழுத அழுகையில எங்கம்மா போதும்னு எந்திரிச்சுட்டா. அவ விடல. மறுநாளும் வந்தா, கூலி வேண்டாம், முடிச்சிட்டுப் போறேன்னா. நான் படப்புக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்கிட்டேன்."